பெரட்டு

மின்சாரம் திரும்பியது ஏழே காலுக்கு.
நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை,
தராசறைக்குப் பின்னால் ஓர் அலுமாரி அளவு அறை;
அதற்குள் சர்வர், நான், ஈரம் காயாத என் சப்பாத்து.
மேல்மாடியில் கொழுந்து வாட்டும் விசிறிகள்
ஒவ்வொன்றாய் உறுமி எழுந்துவிட்டன.
இது மட்டும் எழவில்லை.
கதவு தட்டிக்கொண்டிருந்தது.

சாதனங்களின் அடைவில் முன்னூற்றுப் பதினேழு பெயர்கள்.
ஒவ்வொன்றிடமும் போய்க் கேட்கிறது:
நீ வட்டா?
எங்கள் முத்திரை உன்னிடம் உண்டா?
விசைப்பலகையிடம் கேட்கிறது.
பூச்சியத்தைத் தவிர எதுவும் தராத
பொய்ச் சாதனத்திடமும் கேட்கிறது.
எப்போதோ யாரோ கழற்றிப்போன பிளாப்பி டிரைவின்
வெறும் பெயருக்கு முன்னால்
பன்னிரண்டு விநாடி நிற்கிறது, மரியாதையாய்.
சீடி இல்லாத சீடிப் பெட்டி
உறக்கம் கலைந்து முனகும்.
பிறகு முதல் வட்டிடமே திரும்பி வரும்,
வேறு பெயரில் அதே ஆள் என்று தெரியாமல்.

நிரலைத் திறந்தேன்.
தேடுவதற்கு மூன்று வழிகள், ஒன்றின் முதுகில் ஒன்று.
நடுவில் யாரோ விட்டுப்போன குறிப்பு:
"இது ஏன் என்று தெரியாது. எடுக்க வேண்டாம்."

கர்னலோ
இயந்திரம் கண்விழித்த கணமே பெரட்டு எடுத்து
யார் யார் வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறது.
அதைக் கேட்டால் போதும்.
ஒரே ஏடு. ஒரே கேள்வி.

பதிவேட்டை மட்டும் கேள்,
பதிவேட்டில் இல்லாதது இல்லை
என்று எழுதப்போன விரல்
அங்கேயே நின்றது.

அப்பா பிறந்தது பொகவந்தலாவையில்.
முப்பத்தெட்டு வயது வரை
எந்த நாட்டின் ஏட்டிலும் அவர் இல்லை.
கதவைத் தட்டியிருந்தால் இருந்திருப்பார்,
ரொட்டிக்கு மா பிசைந்த கையோடு
"யாரு?" என்று கேட்டிருப்பார்.

வட்டு மனிதனில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளை அழித்தேன்.

இரவு இரண்டு மணி. முழுதாய் அணைத்து,
குளிரவிட்டு, மறுபடி போட்டேன்.
திரையில் ஒற்றை வரி:
இரண்டு வட்டில் ஒன்று காணவில்லை.

தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஏட்டைப் புரட்டினேன். இருந்தது.
பெயர் இருந்தது, முத்திரை இருந்தது,
நேரம்தான் நான்கு விநாடி பிந்தியிருந்தது.
பழைய வட்டு. மலைக் குளிர்.
சுழன்று எழ அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.
இத்தனை வருஷமும் அதைக் காப்பாற்றியது
கதவு தட்டிய அக்கறையல்ல,
இல்லாத பிளாப்பிக்காக வீணாய்ப் போன
அந்தப் பன்னிரண்டு விநாடி.

சிரிப்பு வந்தது. தனியே சிரித்தேன்.
பிறகு ஒன்பது வரி எழுதினேன்:
ஏட்டைக் கேள்.
இரண்டு பெயரும் வரும்வரை காத்திரு.
பிந்தி வருகிறவர் வந்ததும்
கர்னலே சொல்லும், நீ போய்த் தட்டாதே.
மேலே ஒரு குறிப்பும் வைத்தேன்,
எனக்குப் பின் வருகிறவர் பயப்படாதிருக்க:
"இரண்டாம் வட்டு மெதுவாக எழும். காரணம் குளிர்."

ஏட்டில் ஏறவே விடாத வட்டுக்கு
என்ன செய்வதென்று
அந்த ஒன்பது வரியில் எதுவுமில்லை.
அது இந்தக் கருவியின் வேலையில்லை.
அப்படித்தான் எல்லாக் கந்தோரிலும் சொல்வார்கள்.

ஆறு மணிக்கு மரியதாஸ் வந்தார்,
தராசறைச் சாவிக் கொத்தோடு,
எனக்கொரு பிளேன்டீயும் கையில்.
பொத்தானை அழுத்தினார்.
தேநீரில் நான் வாய் வைக்குமுன்
திரையில் தராசின் பச்சைப் பூச்சியங்கள்.

வெளியே முதல் லொறி, நனைந்த சாக்குகள்.
அவர் போகாமல்
பெட்டிக்கு அருகே காதைக் கொண்டுபோனார்.
"எல்லாம் சரி புள்ள,
தெனம் ஒரு முனகல் கேக்குமே,
அது எங்க போச்சு?"